கேள்வி நேரம்: கொழும்புக்குக் கீழ நிலம் நகருதா, உடையுதா?

இந்த மாசம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான். இலங்கைக்குத் தெற்கால கடலுக்கடியில பிளேட் (பூமியோட மேற்பரப்பா இருக்கிற பெரிய கல்லுத் துண்டு) உடையுது, நாடு ஆபத்தில என்டு ஒரு மெசேஜ் வாட்ஸப்ல திரும்பத் திரும்ப சுத்துது. அதைப் பார்த்துப் பயந்து எழுதினவங்களும் இருக்கிறாங்க, உண்மையிலயே விஷயத்தை விளங்கிக்கொள்ள ஆசைப்பட்டு எழுதினவங்களும் இருக்கிறாங்க. அதால மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிட்டு இந்தத் தடவை நிலத்தைப் பற்றி மட்டும் கதைப்பம்.

கேள்வி: பிளேட் எல்லாம் எரிமலைக் குழம்புக்கு மேல மிதக்குது என்டு மகளுக்கு டியூஷன்ல சொல்லிக் குடுத்திருக்கிறாங்க. அப்பிடியென்டா எங்களுக்குக் கீழ நெருப்புக் கடலா இருக்கு? அதைத் தள்ளுறது எது?
(வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி)

பதில்: நெருப்புக் கடல் இல்ல அக்கா. இது எல்லா இடத்திலயும் பரவிப்போன ஒரு பிழை, அதால முதல்ல இதையே பார்ப்பம். எங்கட காலுக்குக் கீழ இருக்கிற மேலோடு, அதுக்குக் கீழ மேன்டில் என்டு சொல்ற தடிச்ச படை, இந்த ரெண்டும் கல்லுத்தான், திண்மக் கல்லு. எப்பிடித் தெரியும் என்டா, நிலநடுக்கம் வரேக்க ரெண்டு விதமான அலை பூமிக்குள்ளால போகும், அதில எஸ் அலை என்டு சொல்றது திரவத்துக்குள்ள போகவே போகாது. அந்த எஸ் அலை மேன்டில் முழுக்க ஊடுருவிப் போகுது, 2,900 கிலோமீற்றர் ஆழத்தில, மேன்டிலுக்குக் கீழ இருக்கிற வெளிக்கருவில போய்த்தான் நிண்டுபோகுது. ஆக திரவம் தொடங்கிறது அங்கதான். எரிமலைக் குழம்பு என்டது மேல சில இடங்கள்ல மட்டும் கல்லு கொஞ்சம் உருகி உண்டாகிறது, உலகம் முழுக்க ஒரு படையா விரிஞ்சு கிடக்கிற சாமான் இல்ல.

ஆனா சரியான சூட்டில, அவ்வளவு அமுக்கத்தில, திண்மக் கல்லும் வருஷத்துக்கு சில சென்ரிமீற்றர் கணக்கில மெல்ல மெல்ல ஒழுகும். அப்பிடி ஒழுகக்கூடிய மெதுப்பான படைக்கு மேலதான் பிளேட்டுகள் கிடக்கு. பிளேட் என்டா மேலோடு மட்டும் இல்ல, அதோட ஒட்டியிருக்கிற மேன்டிலோட மேல்பகுதியும் சேர்ந்தது, பொதுவா ஒரு 100 கிலோமீற்றர் தடிப்பு வரும். கடலுக்கடியில மேலோடு மட்டும் ஒரு 7 கிலோமீற்றர்தான், கண்டங்களுக்குக் கீழ 35, 40 வரும்.

தள்ளுறது எது என்டு கேட்டிருந்தீங்க. தள்ளுறதை விட இழுக்கிறதுதான் கூட. கடலடிப் பிளேட் பழசாகப் பழசாக ஆறி, பாரமாகி, ஒரு விளிம்பில மற்றப் பிளேட்டுக்குக் கீழால சரிஞ்சு மேன்டிலுக்குள்ள இறங்கும். மதில்ல காயப்போட்ட ஈரச்சேலை ஒரு பக்கம் கூடத் தொங்கினா மிச்சச் சேலையும் அந்தப் பக்கமே வழுகிப் போகுமே, அதே மாதிரி இறங்கின துண்டு பின்னால இருக்கிற முழுப் பிளேட்டையும் இழுக்குது. இதுக்கு நல்ல சாட்சி என்னெண்டா, இப்பிடி இறங்குற விளிம்பு நிறைய இருக்கிற பசிபிக் பிளேட் மாதிரியானதுகள்தான் வேகமா ஓடுது, இறங்குற விளிம்பு பெரிசா இல்லாத ஆபிரிக்க, யூரேசிய பிளேட்டுகள் மெதுவாத்தான் அசையுது.

எங்கட கதையைச் சொல்றதென்டா, இலங்கை இருக்கிற இந்திய பிளேட் இப்ப வருஷத்துக்கு ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் வேகத்தில வடகிழக்காப் போய்க்கொண்டிருக்கு. சுதந்திரம் கிடைச்ச 1948ல இருந்து கணக்குப் பார்த்தா கோல்ஃபேஸ், கோட்டை ஸ்டேஷன், உங்கட வீடு எல்லாம் சேர்த்து ஒரு நாலு மீற்றரளவு நகர்ந்திருக்கு. எல்லாம் ஒண்டா நகர்றதால எங்களுக்கு ஒண்டும் தெரியிறதில்ல. ஜிபிஎஸ் கருவிதான் அதை அளந்து சொல்லுது.

கேள்வி: சேர், நான் ஏ லெவல் புவியியல் படிக்கிறன். மூண்டு வகை பிளேட் எல்லை என்டு நோட்ஸ் இருக்கு, ஆனா உதாரணம் எல்லாம் அமெரிக்கா, ஜப்பான், ஐஸ்லாந்து. எங்களுக்குக் கிட்ட ஒண்டும் இல்லையா?
(கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு மாணவன்)

பதில்: இருக்கு தம்பி, மூண்டும் எங்கட பிளேட்டைச் சுத்தியே இருக்கு, ஒரு இந்து சமுத்திர மெப்பை விரிச்சு வைச்சிட்டு வாசிங்க.

விலகும் எல்லைக்கு மாலைதீவையும் தாண்டி மேற்கால போங்க. அங்க கடலுக்கடியில கார்ல்ஸ்பேர்க் முகடு என்டு ஒரு நீண்ட மலைத்தொடர் ஓடுது. அதோட நடுக்கோட்டில இந்திய பிளேட்டும் ஆபிரிக்கப் பக்கத்துப் பிளேட்டும் வருஷத்துக்கு சில சென்ரிமீற்றர் விலகுது, விலகின இடத்தில கீழயிருந்து மாக்மா (உருகின கல்லு) வந்து இறுகிப் புதுக் கடலடி உண்டாகுது. இப்பிடிப்பட்ட முகடுகளுக்கு நடுவில ஒரு பள்ளம் ஓடுது என்டதை அத்திலாந்திக் சமுத்திரத்தில முதல் கண்டது மேரி தார்ப் என்ட பெண். 1950கள் தொடக்கத்தில, கப்பல்கள் கொண்டுவந்த ஆழ அளவுகளைக் கையால வரைஞ்சு வரைஞ்சுதான் அவ அதைக் கண்டுபிடிச்சா. அந்தக் காலத்தில பெண்களை ஆய்வுக் கப்பல்ல ஏத்திறதில்ல, அவ சொன்னதையும் கூட வேலை செய்தவரே முதல்ல பொம்பிளைப் பேச்சு என்டு ஒதுக்கினார். கண்டங்கள் நகருது என்டு 1912லயே சொன்ன அல்பிரட் வெகனரையும் இப்பிடித்தான் ஒதுக்கினாங்க, எந்த விசை நகர்த்துது என்டு அவரால காட்ட முடியல்ல, 1930ல கிறீன்லாந்துப் பனியில செத்துப்போனார். பரீட்சைக்கு வெகனர் பேர் வரும், தார்ப் பேர் வராது, ஆனா நீங்க தெரிஞ்சு வைச்சிருக்கோணும்.

அடுத்தது, பிளேட்டுகள் பக்கவாட்டில உராஞ்சு போற எல்லை. இங்க புதுசா ஒண்டும் உண்டாகாது, ஒண்டும் அழியாது, சிக்கி நிண்டு நிண்டு திடீரெண்டு வழுகும். மியன்மாருக்கு நடுவால வடக்குத் தெற்கா ஓடுற சகாயிங் பிளவு இதுக்கு நல்ல உதாரணம். 2025 மார்ச் 28ல அது வழுகினதுதான் 7.7 அளவில மண்டலே நகரத்தை உடைச்சுப் போட்ட நிலநடுக்கம், ஏறத்தாழ 1,000 கிலோமீற்றர் தள்ளியிருக்கிற பாங்கொக்கிலயும் கட்டிக்கொண்டிருந்த ஒரு உயர்ந்த கட்டடம் விழுந்தது. அந்த நேரம் பிளவுக்குப் பக்கத்தில இருந்த ஒரு சிசிடிவி கமராவில, கேட்டுக்கு அந்தப் பக்கம் நிலம் அப்பிடியே பக்கவாட்டில ஓடிறது பதிவாகியிருக்கு. முடிஞ்சா தேடிப் பாருங்க. பத்துப் பக்க நோட்ஸ் சொல்லாததை அந்த வீடியோ சில செக்கனில காட்டிடும்.

மூண்டாவது, ஒருங்கும் எல்லை. இதில எங்கட பிளேட்டுக்கு ரெண்டு விதமும் இருக்கு. வடக்கில கண்டமும் கண்டமும் மோதுது. ரெண்டும் பாரம் குறைஞ்ச கல்லு என்டதால ஒண்டு மற்றதுக்குக் கீழ லேசில இறங்காது, மடிஞ்சு தடிச்சு மேலதான் எழும்பும், அதுதான் இமயமலை. மோதல் தொடங்கி ஏறத்தாழ 5 கோடி வருஷம், இன்னும் நிக்கல்ல. எவரெஸ்ட் உச்சியில இருக்கிறது கடலுக்கடியில படிஞ்ச சுண்ணாம்புக்கல்லு. 2015 ஏப்ரல் 25ல நேபாளத்தில 7.8 அளவில வந்து ஏறத்தாழ 9,000 பேரைக் கொண்டுபோனதும் இந்த மோதலோட வேலைதான்.

கிழக்கில சுமாத்திராப் பக்கம், அந்தமான் பக்கம் வேற கதை. அங்க பாரமான கடலடிப் பிளேட் சரிஞ்சு கீழ இறங்குது, இறங்கிற இடத்தில ஆழமான அகழி, அதுக்குப் பின்னால வரிசையா எரிமலைகள். 1883ல வெடிச்ச கிரக்கட்டோவாவும் அந்த வரிசையிலதான் இருக்கு. இறங்குற பிளேட் நல்லா வழுகிப் போனா பிரச்சினை இல்ல, ஆனா அது மேல்பிளேட்டோட ஒட்டி இறுகி நிக்கும், நிண்டுகொண்டே அதோட விளிம்பையும் கீழ இழுத்து வளைக்கும். நூற்றுக்கணக்கான வருஷம் இப்பிடி வளைஞ்சு வளைஞ்சு, ஒரு நாள் ஒட்டு விட்டிடும், வளைஞ்ச விளிம்பு பாய்ஞ்சு மேல எழும்பும், அதுக்கு மேல இருக்கிற கடல் முழுசும் அதோட தூக்கப்படும். சுனாமி என்டது அந்தத் தூக்கின தண்ணி.

2004 டிசம்பர் 26ல நடந்தது இதுதான். அளவு 9.1. சுமாத்திராவில தொடங்கி அந்தமான் வரைக்கும் ஏறத்தாழ 1,300 கிலோமீற்றர் நீளத்துக்கு ஒட்டு விட்டுக்கொண்டே போச்சு, அது ஓடி முடியவே எட்டுப் பத்து நிமிஷம் எடுத்தது, சில இடங்கள்ல பிளேட் 15 மீற்றருக்கு மேல வழுகினது. எங்கட நேரப்படி அது தொடங்கினது காலை 6.58 முடிஞ்சு 7 ஆகப்போற நேரம். (அப்ப எங்கட கடிகாரம் இப்பத்தையதை விட அரை மணித்தியாலம் முன்னுக்கு ஓடினது, பழைய குறிப்புகள் வாசிக்கேக்க இதைக் கவனிங்க.)

அதே காலையில, 6.50 தாண்டித்தான் கோட்டை ஸ்டேஷனில இருந்து சமுத்திரதேவி ரயில் மாத்தறைக்கு வெளிக்கிட்டது. போயா (பௌர்ணமி) லீவும் கிறிஸ்மஸ் லீவும் சேர்ந்து வந்ததால ரயில் நிரம்பி வழிஞ்சது. பிளேட் அசையத் தொடங்கினதும் அந்த ரயில் அசையத் தொடங்கினதும் கிட்டத்தட்ட ஒரே நேரம். ஆழ்கடல்ல சுனாமி மணித்தியாலத்துக்கு 700 கிலோமீற்றர் வேகத்தில ஓடும், அப்பிடி ஓடியும் எங்கட கிழக்குக் கரைக்கு வர ரெண்டு மணித்தியாலம் எடுத்தது, ஹிக்கடுவைக்குக் கிட்ட இருக்கிற பெரலியவுக்கு வர அதை விடவும் கூட. பெரலியவில முதல் அலை ரயிலை நிப்பாட்டினது, ஆக்கள் பெட்டிக்குள்ள ஏறினாங்க, கூரையில ஏறினாங்க, ரெண்டாவது அலை பெட்டிகளைப் புரட்டிப் போட்டது. 1,000 பேருக்கு மேல அந்த இடத்திலயே போயிட்டாங்க. நாடு முழுக்க 30,000க்கு மேல. பிளேட் அசைஞ்சதை யாராலயும் தடுத்திருக்க ஏலாது. ஆனா அந்த ரெண்டு மணித்தியாலம் எங்கட கையில இருந்தது, ரயிலை நிப்பாட்ட ஒரு போன் கோல் போதும், ஆனா அலை வருது என்டு நேரத்தோட அறிவிக்கிற முறை அப்ப இருக்கல்ல. தம்பி, நீங்க இந்தப் பாடத்தைப் படிக்கேக்க மூண்டு வகை எல்லை, மூண்டு மார்க்ஸ் என்டு மட்டும் படிக்காம இந்தக் கணக்கையும் சேர்த்துப் படிங்க.

கேள்வி: நாங்க பிளேட்டுக்கு நடுவில இருக்கிறம், அதால இலங்கைக்கு நிலநடுக்கமே வராது என்டு சின்ன வயசில இருந்து கேள்விப்பட்டிருக்கிறன். அது சரிதானே?
(தெஹிவளையிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: பாதி சரி. பெரிய நிலநடுக்கம் எல்லாம் அநேகமா எல்லையிலதான் வரும், நாங்க எல்லையில இருந்து தூரம். ஆனா வராது என்டு சொல்ல ஏலாது ஐயா. இந்தியாவையே பாருங்க, 1993 செப்டெம்பர் 30ல மஹாராஷ்டிராவில லாத்தூர், எல்லையில இருந்து எவ்வளவோ தூரம், 6.2 தான் அளவு, இருந்தும் ஏறத்தாழ 10,000 பேர், காரணம் பாரமான கல்லு அடுக்கின வீடுகள், ஆக்கள் நித்திரையா இருந்த நேரம். 2001 ஜனவரி 26ல குஜராத்தில புஜ். பிளேட்டின் நடுவிலயும் பழைய பிளவுகள் கிடக்கு, விளிம்பில விழுற அழுத்தம் கல்லுக்குள்ளாலயே வந்து அந்தப் பிளவுகளை அசைக்கும்.

எங்கட நாட்டிலயும், போர்த்துக்கேயர் காலத்தில, 1615 ஏப்ரல் மாசம் கொழும்பில நிலம் ஆடி வீடுகள் விழுந்து ஆக்கள் செத்ததா அந்தக் காலப் பதிவு இருக்கு. கிட்டடியில 2020 ஓகஸ்ட் கடைசியில கண்டிப் பக்கம், விக்டோரியா நீர்த்தேக்கத்தைச் சுத்தின ஊர்கள்ல சின்னச் சின்ன அதிர்வு வந்ததும் ஞாபகம் இருக்கும். புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகம் பல்லேகல போன்ற இடங்கள்ல கருவி வைச்சு இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கு.

இன்னொரு விஷயம், எனக்கு இதைச் சொல்றதில ஒரு தனிச் சந்தோஷம். இப்ப நாங்க நடுவில. ஆனா ஏறத்தாழ 55, 60 கோடி வருஷத்துக்கு முந்தி நாங்கதான் எல்லை. அப்ப கொண்டுவானா என்ட பெருங்கண்டம் ஒண்டு சேர்ந்துகொண்டிருந்தது, இலங்கை, இந்தியா, மடகஸ்கார், அந்தாட்டிக்கா எல்லாம் பக்கம் பக்கமா இருந்தது, அந்த மோதல்ல எங்கட கல்லுகள் பூமிக்குள்ள ஆழமாப் போய் சூட்டிலயும் அமுக்கத்திலயும் வெந்து உருமாறினது. மேல இருந்த மலையெல்லாம் அரிச்சுப் போய், அந்த ஆழத்துக் கல்லுதான் இப்ப எங்கட மலைநாடாத் தெரியுது. அந்தாட்டிக்காவில லுட்சோ ஹோம் குடாப் பக்கம் இதே மாதிரிக் கல்லு இருக்கு. இரத்தினபுரியில இல்லம் என்டு சொல்ற மாணிக்கச் சரளைப் படையில எடுக்கிற நீலக்கல்லும் அந்த வெந்த கல்லுகள்ல பிறந்து, பிறகு ஆறு அரிச்சுக் கொண்டுவந்து சேர்த்ததுதான். செட்டியார் தெருவில ஒரு நீலக்கல்லு மோதிரம் வாங்கினா, நீங்க வாங்கிறது ஒரு பழைய பிளேட் எல்லையோட துண்டு.

கேள்வி: இலங்கைக்குத் தெற்கால பிளேட் ரெண்டா உடையுது, அதால பெரிய அழிவு வரப்போகுது என்டு வாட்ஸப்ல வந்தது. இது பொய்யா?
(மருதானையிலிருந்து ஒரு வாசகர். இதே கேள்வியை இன்னும் பல பேர் கேட்டிருக்கிறாங்க.)

பதில்: முன்பாதி உண்மை, பின்பாதி பொய். இந்த மாதிரி மெசேஜ்தான் ஆபத்து, ஏனென்டா முழுப் பொய் என்டா லேசா ஒதுக்கிடலாம்.

பழைய புத்தகங்கள்ல இந்திய அவுஸ்திரேலிய பிளேட் என்டு ஒரே பிளேட்டாப் போட்டிருக்கும். உண்மையில இந்தியாத் துண்டு இமயமலையில முட்டி நிண்டு தடுமாறுது, அவுஸ்திரேலியாத் துண்டுக்கு அப்பிடித் தடை இல்ல, அது தன்ட பாட்டில போகப் பார்க்குது. ரெண்டும் ஒரே வேகத்தில போகாட்டி இடையில இருக்கிற பகுதி நெரிபடத்தானே வேணும். எங்களுக்குத் தெற்கால, பூமத்தியரேகைக்குக் கிட்ட, கடலடி பெரிய பெரிய மடிப்புகளா நெளிஞ்சு கிடக்கு, ஒரு மடிப்புக்கும் அடுத்ததுக்கும் இடையில ஏறத்தாழ 200 கிலோமீற்றர். கோட்டுப் போட்ட மாதிரி ஒரு எல்லை அங்க இல்ல, நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் அகலத்துக்குப் பரவின ஒரு நெரிசல் வலயம்தான் இருக்கு. அது தொடங்கியே குறைஞ்சது 80 லட்சம் வருஷம் ஆச்சு. இது ஒரு ஒழுங்கான எல்லையா மாறி முடிய இன்னும் எத்தனையோ லட்சம் வருஷம் போகும். நாளைக்கோ அடுத்த வருஷமோ நாடு உடையப் போறதில்ல.

ஆனா அந்த நெரிசல் என்ன செய்யும் என்டு 2012 ஏப்ரல் 11ல பார்த்தம். பின்னேரம் 2 மணி கழிய சுமாத்திராவுக்கு மேற்கால 8.6 அளவில ஒண்டு, ரெண்டு மணித்தியாலத்தில 8.2 அளவில இன்னொண்டு. கொழும்பிலயும் ஆட்டம் தெரிஞ்சது, ஒபிஸ்கள்ல இருந்து ஆக்கள் ரோட்டுக்கு இறங்கினாங்க, கரையோரம் முழுக்க எச்சரிக்கை குடுத்து ஆக்களை வெளியேத்தினாங்க. பக்கவாட்டில வழுகின நிலநடுக்கங்கள்ல கருவியில பதிவானதுக்குள்ள அந்த 8.6 தான் மிகப் பெரிசு. அது அகழியில வந்ததில்ல, எங்கட பிளேட்டுக்கு உள்ளேயே வந்தது, ஒரே நேரத்தில பல பிளவுகள் ஒண்டுக்கொண்டு குறுக்கால வழுகினது.

இருந்தும் அண்டைக்குப் பெரிய சுனாமி வரல்ல. ஏன்? கடலடி பக்கவாட்டில ஓடினா தண்ணியைத் தூக்காது, மேல எழும்பினாத்தான் தூக்கும். 2004ம் 2012ம் அளவில அவ்வளவு தூரம் இல்ல என்டு நினைச்சாலும் (உண்மையில 9.1 விட்ட சக்தி 8.6 ஐ விட ஐஞ்சாறு மடங்கு), முக்கியமான வித்தியாசம் வழுகின வகைதான். இதுக்காகத்தான் பிளேட் எல்லை பற்றி எல்லாரும் கொஞ்சம் தெரிஞ்சு வைச்சிருக்கோணும் என்டு நான் விடாம சொல்றன். வகையும் தெரிஞ்சாத்தான் நியூஸில வாற நம்பர் என்ன சொல்லுது என்டு விளங்கும்.

அண்டைக்கு அப்பிடி வெளியேத்தினது வீண் வேலை என்டு பிறகு சில பேர் சலிச்சுக்கொண்டாங்க. எனக்கு அந்தக் கதையே பிடிக்கிறதில்ல. முதல் சில நிமிஷத்தில அளவு தெரியும், எப்பிடி வழுகினது என்டது பிறகுதான் தெளிவாகும், அதுக்குள்ள ஆக்களை எழுப்பி மேட்டுக்கு அனுப்பினது நூறு வீதம் சரி.

கேள்வி: கன்னியா வெந்நீர் ஊற்று சுடுது என்டா திருகோணமலைக்குக் கீழ எரிமலை இருக்கா?
(மட்டக்குளியிலிருந்து ஒரு வாசகி)

பதில்: இல்ல தங்கச்சி. இராவணன் தாய்க்குக் கிரியை செய்ய நிலத்தைக் குத்தின கதை ஒரு பக்கம் இருக்கட்டும், கல்லோட கதை இது: பூமிக்குள்ள ஒரு கிலோமீற்றர் இறங்கினா பொதுவா 25, 30 பாகை சூடு கூடும். மழைத்தண்ணி வெடிப்புகள் வழியா ஆழத்துக்கு இறங்கி, சூடாகி, வேற வெடிப்பு வழியா கெதியா மேல வந்திடுது. மகா ஓயா, மஹபெலஸ்ஸ எல்லாம் இப்பிடித்தான். எரிமலைக்குத் தேவையான எல்லையோ, கீழயிருந்து வாற மாக்மாவோ எங்களுக்குக் கிட்ட இல்ல.

கேள்வி: பிளேட் நகர்ந்துதான் குமரிக்கண்டம் கடலுக்குள்ள போனது என்டு ஒரு யூடியூப் வீடியோவில சொல்றாங்க. உண்மையா?
(பம்பலப்பிட்டியிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: தமிழாக்களுக்கு இது மனசுக்கு நெருக்கமான விஷயம் என்டு எனக்குத் தெரியும், அதால சுத்தி வளைக்காம சொல்றன். கண்டக் கல்லு பாரம் குறைஞ்சது, அது கடலுக்குள்ள அப்பிடியே தாழ்ந்து மறையாது. எங்களுக்குத் தெற்கால இருக்கிற கடலடி, எரிமலைக் கல்லில உண்டான கடலடிதான், கோடிக்கணக்கான வருஷம் பழசு. குமரிக்கண்டத்தோட சேர்த்துச் சொல்ற லெமூரியா என்ட எண்ணம் 1864ல பிலிப் ஸ்கிளேட்டர் என்ட ஆங்கிலேய விலங்கியல்காரர், மடகஸ்காரிலயும் இந்தியாவிலயும் ஒரே மாதிரி விலங்குகள் எப்பிடி வந்தது என்டதுக்குச் சொன்ன விளக்கம். ரெண்டு நிலமும் முந்தி ஒட்டியிருந்து பிறகு பிரிஞ்சது என்டு தெரிஞ்ச உடனே நடுவில ஒரு கண்டம் தேவைப்படல்ல.

ஆனா கடல் ஒண்டையும் விழுங்கல்ல என்டும் இல்ல. 20,000 வருஷத்துக்கு முந்தி, பனி யுகத்தில, கடல் மட்டம் இப்பத்தையதை விட ஏறத்தாழ 120 மீற்றர் கீழ இருந்தது. அப்ப மன்னார் தொடக்கம் பாக்குநீரிணை முழுக்கத் தரை, யாழ்ப்பாணத்தில இருந்து நடந்தே இந்தியாவுக்குப் போகலாம், அந்தத் தரையில மனுஷரும் இருந்திருப்பாங்க. பனி உருக கடல் ஏறி மெல்ல மூடினது. அதுக்கும் பிளேட்டுக்கும் சம்பந்தம் இல்ல, இந்தியாவும் நாங்களும் ஒரே பிளேட்டில ஒண்டாத்தான் போறம். வங்காள விரிகுடாவில இருந்து தெற்கால 5,000 கிலோமீற்றர் நீளத்துக்குக் கடலுக்கடியில கிடக்கிற தொண்ணூறு கிழக்கு முகடும் சில இடங்கள்ல ஒரு காலத்தில தீவா வெளிய தெரிஞ்சதுதான், துளை போட்டுப் பார்க்கேக்க அங்க பழுப்பு நிலக்கரிப் படை கிடைச்சிருக்கு, ஆனா அது மனுஷர் தோன்றுறதுக்குக் கோடிக்கணக்கான வருஷத்துக்கு முந்தி. எங்கட பழம்பாட்டுகள்ல கடல்கோள் பற்றி வாறதை நான் மதிக்கிறன், அதுக்கு ஒரு முழுக்கண்டம் தேவையில்ல, ஒரு கரை போதும்.

கேள்வி: இன்ன திகதியில நிலநடுக்கம் வரும் என்டு ஒரு வெளிநாட்டுக்காரர் சொல்றார், பலிக்கிற மாதிரியும் இருக்கு. நம்பலாமா?
(கிருலப்பனையிலிருந்து ஒரு வாசகி)

பதில்: வேண்டாம். நாள், இடம், அளவு மூண்டையும் முன்கூட்டிச் சொல்ல உலகத்தில இண்டைக்கு யாராலயும் ஏலாது. உலகத்தில எங்கயாவது 5க்கு மேல நிலநடுக்கம் நாளுக்கு மூண்டு நாலு வரும், அதால பொதுவா என்னத்தைச் சொன்னாலும் பலிச்ச மாதிரித்தான் இருக்கும். ஜப்பான்ல போனுக்கு வாற எச்சரிக்கை முன்கூட்டிச் சொல்றதில்ல, ஆட்டம் தொடங்கின பிறகு தூரத்தில இருக்கிறவங்களுக்கு சில செக்கன் முந்தி அறிவிக்கிறது.

கேள்வி: எங்கட பிளாட் மரின் டிரைவ் பக்கம், ஜன்னலைத் திறந்தா கடல். 2004ல கொழும்புக்குப் பெரிசா ஒண்டும் வரல்லதானே, இனியும் வராது என்டு வீட்டில எல்லாரும் சொல்றாங்க. என்ன செய்யோணும் என்டு சொல்லுங்க.
(வெள்ளவத்தையிலிருந்து இன்னொரு வாசகி)

பதில்: 2004ல சுமாத்திரா எங்களுக்குக் கிழக்கால, அலை நேர அடிச்சது கிழக்குக் கரையையும் தெற்குக் கரையையும். கொழும்புக்கு வந்தது தீவைச் சுத்தி வளைஞ்சு வந்த மிச்சம். ஆனா அந்த மிச்சமே மொறட்டுவ, பாணந்துறை, களுத்துறைப் பக்கம் வீடுகளை எடுத்தது, கொழும்பில கூட கரையோரக் குடிசைகளுக்குள்ள தண்ணி வந்தது. தூரத்தில இருந்த ஆக்களுக்குத்தான் ஒண்டும் வரல்ல.

இன்னொரு பக்கமும் இருக்கு, அதைப் பற்றிக் கொழும்பில கதைக்கிறது குறைவு. பாகிஸ்தான், ஈரான் கரைக்கு அப்பால மக்ரான் என்டு இன்னொரு இறங்குற எல்லை இருக்கு. 1945 நவம்பர் 28ல அங்க 8.1 அளவில வந்து அரபிக் கடல் பக்கம் சுனாமி போய் பம்பாய் வரைக்கும் ஆக்களைக் கொண்டது. அங்கயிருந்து ஒண்டு வந்தா எங்கட மேற்குக் கரைதான் அதுக்கு முகம் காட்டி நிக்கும். தூரம் கூட, வர சில மணித்தியாலம் எடுக்கும், சக்தியும் குறைஞ்சுதான் வரும், ஆனா 2004ஐ வைச்சு மேற்குக் கரைக்கு வராது என்டு முடிவெடுக்கிறது பிழை.

இப்ப நிலைமை 2004 மாதிரி இல்ல. இந்து சமுத்திரத்துக்கு என்டு எச்சரிக்கை முறை இருக்கு, இந்தியா, அவுஸ்திரேலியா, இந்தோனேசியா மூண்டு நாட்டு மையங்களும் தகவல் தரும், இங்க வளிமண்டலவியல் திணைக்களமும் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் அறிவிக்கும். சந்தேகம் என்டா 117க்கு அடிச்சுக் கேளுங்க, பமிலி குறூப்பில வாற ஓடியோவை நம்ப வேண்டாம்.

கடல் உள்வாங்கினா ஓடோணும் என்டு எல்லாருக்கும் தெரியும், ஆனா உள்வாங்காமலும் வரும் அக்கா. 2004ல தாய்லாந்துப் பக்கம் முதல்ல கடல் உள்ளே போனது, எங்கட கிழக்குக் கரையில பல இடங்கள்ல நேரடியாத் தண்ணிதான் வந்தது. மேற்கில களுத்துறையில முதல் அலைக்குப் பிறகுதான் கடல் பெரிசா உள்வாங்கினது, அதைப் பார்க்க ஆக்கள் கரைக்கு இறங்கினாங்க. ஒரு அலை வந்து போனா முடிஞ்சது என்டு நினைச்சு இறங்காதீங்க, பெரிசு ரெண்டாவதாவோ மூண்டாவதாவோ வரலாம், அறிவிப்பு வரும் வரைக்கும் சில மணித்தியாலம் மேலயே இருங்க. நேரம் இருந்தா காலி வீதியைத் தாண்டி உள்ளுக்கு நடவுங்க, வாகனம் எடுத்தா எல்லா லேனும் இறுகிப் போயிடும். வெள்ளவத்தைக் கால்வாய்ப் பக்கம் போகாதீங்க, அலை கால்வாய், ஆத்து வாய் வழியா உள்ளுக்கு ஏறும். நேரம் இல்லாட்டி கொங்கிறீட் கட்டடத்தில மூண்டாம் மாடிக்கு மேல ஏறுங்க, லிஃப்டில இல்ல, படியால.

உங்கட பிளாட்டில கமிட்டி ஒண்டு கட்டாயம் இருக்கும். அடுத்த கூட்டத்தில தண்ணி பில், பார்க்கிங் கதைச்சு முடிய இதையும் ஒரு பத்து நிமிஷம் கதையுங்க: கீழ் மாடியில இருக்கிற வயசானவங்களை யார் கூட்டிக்கொண்டு மேல ஏறுறது, எந்த வீட்டுக் கதவு அவங்களுக்காகத் திறந்திருக்கும், மொட்டைமாடிக் கதவுத் திறப்பு யாரிட்ட இருக்கு, அவர் வீட்டில இல்லாட்டி யாரிட்ட.